மூடாதே அக்கா

அந்த ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸுக்கு 'மூடாதே அக்கா' என்று பெயர். போட்டு முடித்த ஊசிக்கு மறுபடி மூடி போடப் போனால்தான் விரலில் குத்தும், மூடாமல் அப்படியே ஊசிப் பெட்டியில் போடு என்று நாள் தவறாமல் தொண்டை கிழியக் கத்தி வாங்கிய பட்டம் அது. அக்கா வருகிறாள் என்றாலே புது நர்ஸுகள் ஆளுக்கொரு பக்கம் ஓடி ஒளிவார்கள்.

அப்பேர்ப்பட்ட அக்கா, மஞ்சள் காமாலைக்காரர் ஒருவருக்கு ரத்தம் எடுத்துவிட்டுத் திரும்பினால் ஊசிப் பெட்டி நிரம்பிக் கிடந்தது. வேறு பெட்டி எடுத்து வரச் சோம்பல். ஒரே ஒரு தடவைதானே என்று மூடினாள். கையுறையைத் தாண்டி நறுக்கென்று குத்தியது.

குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவியபடி சுற்றுமுற்றும் பார்த்தாள். நல்லவேளை, யாரும் இல்லை. நோய் தொற்றியிருக்குமோ என்ற பயம் ஒரு பக்கம். வெளியே தெரிந்தால் மானம் கப்பலேறிவிடுமே என்ற பயம் அதைவிடப் பெரிது.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருப்பவன் அவளுடைய கொழுந்தன்தான். நேரே அங்கே போய்க் கதவைச் சாத்திவிட்டு விரலை நீட்டினாள்.

"தம்பி, யாருக்கும் தெரியாம என் ரத்தத்தைப் பாத்துச் சொல்லிடுப்பா."

அவன் விரலைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான், உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"என்ன அண்ணி, மூடிட்டீங்களா?"

"கேலி பண்ணாதடா."

"இப்பத்தானே குத்தியிருக்கு, இன்னிக்குப் பாத்தா உங்க ரத்தத்துல என்ன தெரியும்? டாக்டர்கிட்ட சொன்னாத்தான் அந்த நோயாளி ரத்தத்தையும் பாத்து, வேணும்னா இன்னிக்கே மருந்து போடுவாங்க. எனக்குக் குத்தினப்போ காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனது யாரு? ஊசிய மூடக் கூடாது, வாயை மட்டும் மூடலாமா?" சிரித்துக்கொண்டே பேசியவன் சட்டென்று சிரிப்பை நிறுத்தினான். "உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா அண்ணன் பாவம். போங்க அண்ணி."

அவன் சிரிப்பு நின்ற பிறகுதான் அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

டாக்டர் அறை வாசலில் புது நர்ஸுகள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அக்கா மூச்சை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"எனக்கு ஊசி குத்திடுச்சு. மூடினேன், குத்திடுச்சு. சிரிக்கிறவங்க சிரிச்சுக்கோங்க."

ஒருத்தி களுக்கென்று ஆரம்பிக்க, மற்றவர்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். புதிதாகச் சேர்ந்த சின்னப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்திருந்தாள்.

"எனக்கும் நேத்து குத்திடுச்சுக்கா" என்றாள் மெல்ல. "நீங்க திட்டுவீங்களேன்னு சொல்லல."

இது குத்திய குத்துக்கு முன்னால் ஊசி குத்தியது ஒன்றுமேயில்லை. ஊசியை மூடாதே என்று கத்திக் கத்தி, பிள்ளைகளின் வாயை மூடி வைத்திருக்கிறோமே என்று அக்காவுக்கு நெஞ்சு பதறியது. திட்டத்தான் வாயெடுத்தாள், பழக்க தோஷம். அதை விழுங்கிவிட்டு, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து அறைக்குள் தள்ளினாள்.

"நீ முதல்ல போடி கண்ணு. உனக்கு ஒரு நாள் ஆயிடுச்சு."