கோட்டைக் கதவைத் திறந்தவள்: ஒரு மதிப்புரை

1

இந்தக் கதை ஒரு மதிப்புரையாகப் பிறந்திருக்க வேண்டியது. பத்திரிகைக்குச் சரித்திர நாவல்களை மதிப்பிடுவது என் பிழைப்பு. கடிகாரமே இல்லாத காலத்து அரசன் "ஒரு நிமிடம் பொறு" என்றால் அந்தப் பக்கத்தின் ஓரத்தை மடிப்பேன். மடிப்பு கூடினால் நாவல் தொலைந்தது. இம்முறை வந்த தடித்த புத்தகத்தின் அட்டையில் என் அக்காவின் பெயர் இருந்தது.

"அது என் கூடப்பிறந்தவ எழுதினது சார். வேற யாருக்காவது கொடுங்க" என்றேன்.

"அட, நல்லதாப் போச்சு! நாலு வரி புகழ்ந்துட்டுப் போங்களேன்" என்றார் பத்திரிகை ஆசிரியர். நல்ல மனிதர், எந்தப் புத்தகத்தையும் படித்ததில்லை.

2

முதல் தொடக்கம்: "வீரமும் காதலும் போட்டி போடும் விறுவிறுப்பான..." (சீ. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: "எதிரி சூழ்ந்த கோட்டைக்குள் கிழ அரசர் சாகக் கிடக்கிறார். மூத்த இளவரசி படை திரட்டிக்கொண்டு வருவதற்குள் இளையவள் கதவைத் திறந்துவிடுகிறாள். வந்து சேர்ந்த மூத்தவள் சபை நடுவே கேட்கிறாள்: 'ஏன் அவசரப்பட்டாய்?' அதற்கு இளையவள்..."

இங்கே பேனா நின்றது. அந்த இளையவள் நான்தான்.

3

(வாசகரே, இது உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். போன வருஷம் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வெண்டிலேட்டர் வேண்டாம் என்று டாக்டரிடம் சொன்னவள் நான். அக்கா அப்போது விமானத்தில் இருந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் அப்பா போய்விட்டார். வந்ததும், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், "ஏன்டி அவசரப்பட்ட?" என்றாள். ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கி, "குழாயெல்லாம் வேண்டாம்மா, போதும்" என்று சொன்னதே அப்பாதான். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது, வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.)

4

நாவலில் மூத்தவள் வெறும் பொம்மை. வாயைத் திறந்தால் வசனம்தான். இளையவள் மட்டும்தான் ரத்தமும் சதையுமாக நடமாடுகிறாள். யோசிக்கும்போது நகம் கடிக்கிறாள், என்னைப் போலவே. இவ்வளவு உன்னிப்பாக என்னைப் பார்த்திருக்கிறாளே, பாவி! கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

நாவலைக் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கலாம். மடிப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. பத்திரிகை ஆசிரியர் கேட்ட நாலு வரியை எழுதிவிட்டுத் தூங்கியும் இருக்கலாம். இரண்டும் முடியாது என்று உட்கார்ந்து எழுதினேன்:

"இந்த நாவலில் ஒரு பெரிய குறை. அரசர் இளையவளிடம் என்ன சொன்னார் என்று யாருமே கேட்கவில்லை. கதவைத் திறக்கச் சொன்னவர் அவர்தான்."

பத்திரிகைக்கு அனுப்பும் முன் அக்காவுக்கு அனுப்பினேன்.

5

முடிவு அ: அக்கா மன்னிப்புக் கேட்டு அழுகிறாள். (சினிமா. வேண்டாம்.)

முடிவு ஆ: பதிலே வரவில்லை. (இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். பாதி வாக்கியத்தில் போன் அடித்தது.)

"அப்பாவா சொன்னாரு?"

"ஆமாக்கா."



"என்னைக் கேட்டாராடி?"

இந்தக் கேள்வி அவள் நாவலில் இல்லை, என் வரைவு எதிலும் இல்லை. கேட்டார் என்றால், வந்து சேர முடியவில்லையே என்று உடைந்துபோவாள். கேட்கவில்லை என்றாலும் உடைந்துபோவாள். இருந்தாலும் உள்ளதை உள்ளபடி சொல்லத்தான் போகிறேன். ரோஷம் பார்த்ததெல்லாம் போதும்.

ஆனால் அந்தப் பதில் அவளுக்கு மட்டும்தான். உங்களுக்குத் தோன்றியதை நீங்கள் இந்த அடைப்புக்குறிக்குள் எழுதிக்கொள்ளுங்கள்: (                    ). நான் கதவைச் சாத்திவிட்டு அக்காவோடு பேச வேண்டும்.