ஓடைக்கு அப்பால் எழுந்த புகை

மெர்ல் ஹாஸ்கின்ஸ் எங்கள் வாரப் பத்திரிகையில் பதினெட்டு வருடம் நிருபராக இருந்தார். அவர் எழுதியதை அச்சுக் கோப்பது என் வேலை. நெப்ராஸ்காவின் மேற்குப் பக்கம் முதன்முதலில் வந்து குடியேறியவர்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்த காலம் அது. மிச்சமிருப்பவர்களின் நினைவுகளையாவது எழுதி வைத்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு தவிப்பு. மனைவி இறந்த பிறகு அது அதிகமானது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் காரை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு பண்ணைக்குப் போய்விடுவார். காலி வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கு அது மேல் என்பார்.

1926 அக்டோபரில் தோரா லிண்ட் அம்மாளைப் பார்க்கப் போனார். அந்த அம்மாளுக்கு எழுபத்தைந்து வயது. கணவர் இறந்து, மகன்களும் கலிபோர்னியா போய்விட, தனியாக இருந்தார்.

அவர் சொன்னது 1873 குளிர்காலக் கதை. கணவர் நில்ஸ் ரயில் பாதை வேலைக்குப் போய்விட்டார். புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளால் கட்டிய வீட்டில், ஒரு பசுவோடு தோரா மட்டும். ஏப்ரல் வரை மனித முகம் பார்க்கவில்லை. ஓடைக்கு அப்பால், நாலு மைல் தூரத்தில், காலையில் எழும் ஒரு புகை மட்டும் தெரியும்.

"யாருன்னே தெரியாது தம்பி. எந்திரிச்சதும் வாசல்ல நின்னு அதத்தான் பாப்பேன். அவங்க அடுப்பு பத்த வச்சாச்சு, நாமளும் வைப்போம்னு வைப்பேன். பேச ஆளில்லாத வீட்ல எனக்கு அதான் பேச்சு."

"அப்புறம் என்னாச்சும்மா?"

"பிப்ரவரில ஒருநாள் புகை வரல. மறுநாளும் வரல." தோரா சோள ரொட்டியை வெட்டி அவர் தட்டில் வைத்தார். "போய்ப் பாத்திருக்கலாம். பனி கெட்டியாத்தான் கெடந்துச்சு, நடந்திருக்கலாம். அங்க என்ன கெடக்குமோன்னு பயந்துட்டேன். பனி உருகினப்புறம் போனா, கூரை இடிஞ்சு உள்ள விழுந்து கெடக்கு. மண்ணத் தள்ளிப் பாக்கவும் தைரியம் வரல. இத மட்டும் எழுதாத."

ஹாஸ்கின்ஸ் எழுதவில்லை. மற்றதெல்லாம் அச்சில் வந்தது. ஆனால் அந்த இடிந்த கூரை அவர் மனதை விட்டுப் போகவில்லை. போகிற வீட்டிலெல்லாம் அந்த நிலத்தில் யார் இருந்தார்கள் என்று விசாரித்தார். மறுவருடம் மே மாதம்தான் ஆள் கிடைத்தார். பெயர் ஆன்சல் பர்டி. நாற்பது மைல் தெற்கே, கல்யாணமே செய்துகொள்ளாமல், ஒற்றை அறையில் இருந்தார்.

கூரை இடிந்ததில் செத்துவிட்டீர்களோ என்று நினைத்தேன் என்றார் ஹாஸ்கின்ஸ். "நானா, சாவா?" என்று ஆன்சல் சிரித்தார். "எரிக்க ஒண்ணுமில்ல. பொறுக்கி வச்சிருந்த காட்டெருமைச் சாணியெல்லாம் தீந்துபோச்சு. பட்டாளக்காரங்க கோட்டைப் பக்கம் நடந்துட்டேன். ரெண்டு கால்விரல் போச்சு, அவ்வளவுதான்."

"ஓடைக்கு எதிர்ப்பக்கம் ஒரு புகை தெரிஞ்சிருக்குமே?"

ஆன்சலின் சிரிப்பு நின்றது. "தெனமும் பாப்பேனே. கெளம்புறப்ப, அங்க போய் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகலாம்னு தோணுச்சு. நான் போற வழிக்கு நேர் எதிர்ப்பக்கம். போகல."

நல்ல சேதி கொண்டுபோகிறோம் என்று ஹாஸ்கின்ஸ் நேராக தோரா வீட்டுக்கு வண்டியை விட்டார். அந்த அம்மாள் முழுவதையும் கேட்டார்.

"அப்ப, என் புகையப் பாத்துக்கிட்டேதான் போயிருக்கான்."

"உங்க மேல தப்பில்லன்னு சொல்லத்தாம்மா வந்தேன்."

"செத்துட்டான்னு நெனச்சு அம்பத்து மூணு வருஷம் அழுதிருக்கேன். எனக்குன்னு ஒருத்தன் இருந்தான், போயிட்டான்னு. இப்பப் பாத்தா விட்டுட்டுல்ல போயிருக்கான். நீ கெளம்பு தம்பி."

இரண்டு வாரம் ஹாஸ்கின்ஸ் ஒரு வரிகூட எழுதவில்லை. அச்சுக்கூட ஜன்னலருகே உட்கார்ந்திருப்பார். "ஒரே ஒரு தொணை இருந்துச்சு அந்தம்மாவுக்கு, கஸ். அதையும் போய்ப் பறிச்சுட்டு வந்துட்டேன்" என்று என்னிடம் சொன்னார்.

பிறகு தோராவிடமிருந்து கடிதம் வந்தது. அந்த மனிதரைக் கூட்டி வரச் சொல்லி ஒரே வரி.

ஜூன் முதல் ஞாயிறு ஆன்சலைக் கூட்டிப்போனார். முற்றத்தில் இரண்டு நாற்காலி போட்டிருந்தது. காற்றைப் பற்றி, கோதுமை வந்திருக்கும் அழகைப் பற்றி, எப்போதோ செத்த ஒரு குதிரையைப் பற்றிப் பேசினார்கள். ஒரு மணி நேரத்தில் பேச்சு தீர்ந்துவிட்டது.

எழுந்திருக்கும்போது ஆன்சல், "அன்னிக்கு நான் வந்து சொல்லியிருக்கணும்" என்றார்.

"நானும் வந்து பாத்திருக்கணும்" என்றார் தோரா.

ஆன்சல் நொண்டியபடி காருக்குப் போனதும் தோரா ஹாஸ்கின்ஸின் கையைப் பிடித்து நிறுத்தினார். "நல்ல மனுஷன்தான். ஆனா நான் பழகினது இவருகூட இல்ல." கொஞ்சம் பொறுத்து, "எல்லாத்தையும் பத்திரிகைல போட்டுக்கோ. நான் போகாததையும் சேத்து" என்றார்.

நாற்பது மைலும் ஆன்சல் வயலையே பார்த்துக்கொண்டு வந்தார். அறை வாசலில் இறங்கியவர் கார்க் கதவைச் சாத்தவில்லை.

"அவசரமா போகணுமா?"

"அவசரம் ஒண்ணுமில்ல."

"அப்ப உள்ள வாயேன். காப்பி போடுறேன். ஒரு கப்புதான் இருக்கு, நான் டம்ளர்ல குடிச்சுக்கிறேன்."

ஹாஸ்கின்ஸ் இறங்கிப் போனார். ஊர் திரும்பும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. அங்கே என்ன பேசினார்கள் என்று அவர் எழுதவில்லை, என்னிடமும் சொல்லவில்லை.