மண்ணெண்ணெய் டின்னில் நாளைய மழை

சிக்லோ என்ற சைக்கிள் ரிக்‌ஷாவில் விரைந்துகொண்டிருந்த ஏவ்லினின் மடியில், ஒரு மண்ணெண்ணெய் டின்னில், நாளை மத்தியானம் சைகோனில் பெய்யப்போகும் மழை இருந்தது. இரண்டு உள்ளங்கையாலும் டின்னின் வாயை அவள் அழுத்திப் பொத்தியிருந்தாள். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் விரலிடுக்கில் தண்ணீர் தெறித்தது; உள்ளேயிருந்து ஒரு சின்ன இடி உறுமியது. பின்னால் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தவர் அதை ஊருக்கு வெளியே வெடிக்கும் பீரங்கி என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினார். 1966, அக்டோபர் மாதம், ஒரு திங்கட்கிழமை, காலை எட்டே கால். வானத்தில் மருந்துக்கும் மேகமில்லை.

டான் சோன் நாட் விமான நிலையத்துக்குப் பின்னால் அரசாங்கத்தின் சின்ன வானிலை நோக்ககம் ஒன்று இருந்தது. ஓர் அறை, ஒரு டெலிபோன், புல்தரையில் ஒரு மழைமானி, இரண்டே ஊழியர்கள். மேலதிகாரி அகுஸ்தேன், தகப்பனார் காரைக்கால் சிப்பாய், தாயார் வியட்நாமியர். அவருக்குக் கீழே, காரைக்கால் குடும்பத்துப் பெண்ணான ஏவ்லின். தினம் காலை ஏழு மணிக்கு மானியைத் திறந்து, சேர்ந்த மழையை அளந்து பதிவேட்டில் எழுதுவது அவள் வேலை. 1959 மே மாதத்திலிருந்து அந்த மானியில் நேற்றைய மழைக்குப் பதிலாக நாளைய மழை சேரத் தொடங்கியது. கண்ணெதிரே கொட்டுகிற மழையில் ஒரு சொட்டுகூட அதற்குள் விழாது. மறுநாள் பெய்யவேண்டியது மட்டும் அளவு பிசகாமல் வந்து உட்கார்ந்திருக்கும். யாரும் காரணம் தேடவில்லை. அந்த வருஷம் பன்றிக்கறி விலைகூட இரண்டு தடவை ஏறியது, அதற்கும் யாரும் காரணம் தேடவில்லை. அகுஸ்தேன் சட்டப்படி நடப்பவர். பெய்த மழைக்குப் படிவத்தில் கட்டம் இருக்கிறது, பெய்யப்போகும் மழைக்கு இல்லை என்றார். அளந்த எண்ணைத் தன் கண்ணில் காட்டாமல் அவளே வைத்திருந்து, பெய்து முடிந்தபின் எழுதவேண்டும். தண்ணீரை மாமரத்தடியில் ஊற்றிவிடவேண்டும். மாமரம் எல்லாவற்றையும் ஒரு நாள் முன்னதாகச் செய்யப் பழகிக்கொண்டது. மாலை ஆறு மணிக்கு அகுஸ்தேன் ரேடியோ நிலையத்துக்கு டெலிபோனில் ஒரே ஒரு வரி சொல்வார்: நாளை வானம் தெளிவாக இருக்கும். மழைக்காலத்திலும் அதே வரிதான். ஏழு வருஷத்தில் ஒருநாள்கூட அவர் மழை என்று சொன்னதில்லை. யுத்த காலத்தில் அரசாங்கம் நல்லதைத்தானே சொல்லும் என்று ஊரும் விட்டுவிட்டது.

அரசாங்கம் வேண்டாமென்று ஊற்றியதைத் தனியார் விடுவாரா? பென் தான் மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் வட்டிக்கடை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்த சோமசுந்தரம் செட்டியார், ஏவ்லின் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு 'நாளைய மழை நிலையம்' என்று போர்டு மாட்டினார். தினம் எட்டு மணிக்கு, அகுஸ்தேன் காபி குடிக்க வெளியே போன நேரத்தில், அவள் டெலிபோனில் எண்ணைச் சொல்வாள். அவர் சந்தாதாரர்களுக்குச் சொல்வார். அந்தச் சம்பாத்தியத்தில்தான் கான் ஹொய் துறைமுகத்துக் கால்வாய்மேல் தன் அக்கா பொலேத்துக்கு அவள் ஒரு பலகை வீடு வாங்கிக் கொடுத்தாள். கம்பெனிக்கு ஒரே தொந்தரவு, ஓசியில் பார்ப்பவர்கள். சந்தாதாரர் துணியை உள்ளே எடுத்தால் தெருவே எடுத்தது. அவர் குடை பிடித்தால் பத்து வீட்டில் குடை விரிந்தது. செட்டியார் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து சேர்த்தார்: தெரிந்ததைச் சந்தாதாரர் வாயாலோ நடத்தையாலோ வெளியே காட்டக்கூடாது. அதன்பிறகு மழை நாட்களில் சைகோனின் பெரிய மனிதர்கள் குடையில்லாமல் தொப்பலாக நனைந்தபடி, தங்களுக்கு முன்னாலேயே தெரியும் என்ற திருப்தியோடு வீடு திரும்பினார்கள். சந்தா வருஷாவருஷம் ஏறியது.

அன்று காலை மானி நிரம்பி, வழிந்து, சுற்றியிருந்த புல்லும் சொதசொதத்துக் கிடந்தது. ஏவ்லின் மிச்சத்தை டின்னில் ஊற்றிக்கொண்டு அகுஸ்தேனிடம் ஓடினாள்.

"முசே, மானி பொங்கி வழியுது. நாளைக்கு ஆத்துல கடலேத்தம் வேற. கான் ஹொய் முழுகிப்போயிடும்."

அகுஸ்தேன் டின்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். "படிவத்துல அதுக்குக் கட்டம் இருக்கா?"

"இல்ல."

"அப்ப அந்த டின்னை என் மூஞ்சிக்கு நேரா ஏன் பிடிக்கிற?"

அதனால்தான் அவள் சிக்லோ பிடித்தாள்.

செட்டியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என்னத்தா, போன்ல சொல்லாம டின்னும் கையுமா வந்திருக்கீக?"

"அளவுக் கண்ணாடி பத்தல செட்டியாரே. நீங்களே அளங்க."

அவர் அளவுக் கோடு போட்ட கூஜாவை வைத்து நிதானமாக அளந்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர். இரண்டாம் தடவையும் அதே. வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, டெலிபோனைத் தன் பக்கம் இழுத்து, முதல் சந்தாதாரருக்குக் கைபொத்தி ரகசியம் போல எண்ணைச் சொன்னார். அடுத்தவருக்குச் சுழற்றப் போகையில் ஏவ்லின் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கான் ஹொய்க்கும் சொல்லிவிடுங்க. எங்க அக்கா மூணு நாள் பிள்ளையோட படுத்திருக்கா."

"அங்ஙன நமக்கு ஒரு சந்தாதாரர்கூட இல்லியே."

"ஆயிரம் உசுரு இருக்கு!"

"நான் என்ன சர்க்காரா? ஊருக்கெல்லாம் சொல்றது அவுக வேலை. நான் ஓசியில சொன்னா, ஏழு வருசமா நனைஞ்சவுக எல்லாம் என்னைய நிக்கவச்சுக் கேப்பாக." கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். "நீங்க போய்ச் சொல்லுங்க, நான் தடுக்கலை. நம்புறாகளான்னு பாருங்க."

நம்பவில்லை. உச்சிவெயிலில் ஏவ்லின் டின்னைத் தூக்கிக்கொண்டு பலகைச் சந்து முழுக்க வீடு வீடாக நின்றாள். கஞ்சி விற்கிறவள் எட்டிப் பார்த்துவிட்டு, நல்ல தண்ணீர்தானே, இதற்கா இத்தனை அழுகை என்றாள். மூட்டை தூக்கும் ஒருவன் கேலியாக ஒரு குவளை மொண்டு காலைக் கழுவிக்கொண்டான். மறுநாள்வரை அவன் கால் காயவில்லை. பொலேத் பாயைவிட்டே எழுந்திருக்கவில்லை.

"போடி பைத்தியம். பச்சப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு இந்த வெயில்ல எங்கடி போறது? ரேடியோல நேத்துக்கூட வானம் தெளிவுன்னுதானே சொன்னான்?"

"ஏழு வருசமா அதத்தானேக்கா சொல்றான்!"

"அப்ப வேற ஏதாச்சும் சொல்லட்டும், எந்திரிச்சு வர்றேன். உங்க ஆபீஸ் ரேடியோவ நீயே நம்பலன்னா, உன்ன நான் எப்படிடி நம்புறது?"

ஏவ்லின் டின்னைத் தூக்கிக்கொண்டாள். மறுபடி சிக்லோ, மறுபடி பள்ளங்கள். ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் அவள் நோக்ககத்துக்குள் நுழைந்து, பாதியாய்க் குறைந்திருந்த டின்னை அகுஸ்தேனின் மேஜைமேல், டெலிபோனுக்குப் பக்கத்தில் வைத்தாள். உள்ளே இடித்தது. மேஜையிலிருந்த பென்சில் உருண்டது.

"வரமாட்டேங்கிறா முசே. ரேடியோ சொன்னாத்தான் எந்திரிப்பாளாம்."

அகுஸ்தேன் அன்று முழுவதும் நாற்காலியைவிட்டு அசையாதவர் போலத் தெரிந்தார். சாப்பாட்டுத் தூக்கு திறக்காமலே இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஆறு அடித்ததும் ரிசீவரை எடுத்து, வழக்கமான ஒரு வரிக்காகப் பென்சிலைக்கூட எடுக்காமல் காத்திருந்த ரேடியோக்காரரிடம், ஒவ்வொரு சொல்லாக வியட்நாமிய மொழியில் சொன்னார்: நாளை கனமழை, முந்நூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர், ஆற்றில் ஏற்றம், கான் ஹொய்வாசிகள் இன்றிரவே பாலத்தைத் தாண்டி மேட்டுக்குப் போகவும். எதிர்முனையில் மூன்று தடவை திருப்பிக் கேட்டார்கள். மூன்று தடவையும் சொன்னார்.

அந்த எண்ணைத் தான் அவரிடம் சொல்லவேயில்லை என்பது ஏவ்லினுக்கு உறைத்தது. கேட்க நேரமில்லை, ஓடிவிட்டாள்.

ஏழு வருஷமாக மழை என்ற சொல்லையே உச்சரிக்காத ரேடியோ அதை உச்சரித்ததும் கான் ஹொய் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தது. பிறகு பாயைச் சுருட்டியது. கோழிகள், தையல் மிஷின்கள், சாமி படங்கள், கிழவர்கள் எல்லாம் பாலத்தின்மேல் நகர்ந்தன. பொலேத் பிள்ளையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, "இத ஒரு வார்த்தை காலையிலயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா உங்க ஆளு?" என்று திட்டிக்கொண்டே நடந்தாள். செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு இருபதுக்கு ஆரம்பித்த மழை மாலைவரை நிற்கவில்லை. முந்நூற்றிருபத்தேழு மில்லிமீட்டர்; மானியிலிருந்து வழிந்ததையும் சிக்லோவில் சிந்தியதையும் சேர்த்தால் அளவு சரிதான். பலகைச் சந்து கூரைவரை முழுகியது. வீடுகள் பாதி போயின, ஆள் ஒருவர்கூடப் போகவில்லை. புதன்கிழமை மேலிடத்திலிருந்து புதுப் படிவம் வந்தது, பெய்யப்போகும் மழைக்கு ஒரு கட்டத்தோடு. ஏன் என்று அதில் எழுதவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை செட்டியார் நோக்ககத்துக்கு வந்தார். முழங்கால்வரை சேறு. ஏவ்லினைத் திட்டத்தான் வந்திருக்கிறார் என்று அவள் எழுந்து நின்றாள். அவர் அவளைத் தாண்டிப் போய் அகுஸ்தேனின் மேஜைமுன் நின்று கையை நீட்டினார்.

"ஷரத்தை மீறிட்டீக. அட்டையக் கொடுத்துருங்க."

அகுஸ்தேன் சட்டைப்பையிலிருந்து ஓரம் நைந்துபோன ஒரு சந்தா அட்டையை எடுத்துக் கொடுத்தார். அதில் எண் ஒன்று என்று இருந்தது. தேதி 1959 ஜூன். ஏவ்லின் அட்டையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நம்ம மானித் தண்ணிதானே முசே! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"உன்கிட்ட வாங்கினா அது ஆபீஸ் விஷயம். அதுக்குக் கட்டம் இல்ல. வெளியில வாங்கினா என் சொந்த விஷயம்." அவர் புதுப் படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டார். "சொந்த விஷயத்துல நான் கையெழுத்துப் போட்டிருந்தேன், வெளியே காட்டமாட்டேன்னு. ஏழு வருஷமா வானம் தெளிவா இருந்தது அதனாலதான்."