கவிழ்த்த நாற்காலி

சோபாக்காரரின் ஊசி பாதித் தையலில் நின்றுவிட்டது. எவ்வளவு நேரமாக நிற்கிறது என்று அவருக்கே தெரியாது. பட்டறை ஜன்னல் வெயிலில் பஞ்சுத் தூசி மிதந்தது. அதோடு தானும் தரையில் கால் படாமல் மிதப்பதுபோல் இருந்தது. தம்பி செத்துப் பதினோரு மாதமாக இப்படித்தான். அண்ணனும் தம்பியுமாக நடத்திய பட்டறை. தம்பியின் முக்காலி இன்னும் எதிரே கிடந்தது.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி வாசலிலேயே நின்று பார்த்தாள்.

"உங்க வாய்க்கும் சேர்த்துத் தையல் போட்டாச்சா? எங்கிட்ட வேண்டாம், யார்கிட்டயாவது பேசுங்க. அதுக்குன்னு படிச்சவங்க இருக்காங்க."

"எனக்கென்ன பைத்தியமா?"

"எனக்குப் பிடிச்சிடும். இந்த மாசத்துக்குள்ள போகலேன்னா அக்கா வீட்டுக்குக் கிளம்பிடுவேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது, பாத்திரத்தை அவள் ஓசையில்லாமல் வைத்ததில் தெரிந்தது.

முதல் மனநல ஆலோசகரின் அறையில் நாற்காலி புத்தம் புதிது. மெத்தையில் ஒரு பள்ளமில்லை. இதில் யாரும் அழுதிருக்க மாட்டார்கள் என்று பட்டது. கடைசிவரை ஆலோசகர்தான் பேசினார். இரண்டாமவரின் அறையில் அமுங்கியிருந்தது அவருடைய நாற்காலிதான். வருகிறவர்களுடையது விறைத்து நின்றது. கேட்டதற்கெல்லாம் "ம்" கொட்டிவிட்டு சோபாக்காரர் எழுந்து வந்தார்.

"எப்படி இருந்தாரு?"

"தையல் சரியில்ல."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "நீங்க நாற்காலி பார்க்கவா போனீங்க?"

மாதம் முடிய நான்கு நாள் இருந்தபோது மூன்றாவது அறை. தலை நரைத்த ஓர் அம்மாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் உள்ளே ஏதோ முனகியது. வலது கைப்பிடியின் துணி, யார் யாரோ விரலால் பிய்த்துப் பிய்த்து நைந்திருந்தது. சோபாக்காரரின் விரலும் தானாக அங்கே போயிற்று.

"ஸ்பிரிங் விட்டுப்போச்சும்மா."

"தெரியும். எல்லாரும் அசையாம உட்கார்ந்துட்டுப் போயிடுறாங்க. நீங்கதான் சொல்றீங்க."

"கவுத்துப் பார்க்கலாமா?"

அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எழுந்து வந்து ஒரு பக்கம் பிடித்தார். நாற்காலி நான்கு காலையும் மேலே தூக்கிக்கொண்டு படுத்தது. சோபாக்காரர் அடித்துணியைப் பிரித்தார். ஸ்பிரிங்குகளுக்கிடையே கொண்டை ஊசிகள், ஒரு பேனா மூடி, சிறு குழந்தையின் சட்டைப் பொத்தான், கசக்கி உருட்டி இறுகிப்போன காகிதக் கைக்குட்டைகள். ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். எத்தனை பேர்! அறை நிறைய ஆட்கள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

ஸ்பிரிங்கைக் கட்டியிருந்த நூல் அறுந்து தொங்கியது. சட்டைக் காலரில் எப்போதும் குத்தியிருக்கும் வளைந்த ஊசியை எடுத்தார். பையைத் துழாவினார்.

"நூல் இல்ல" என்றார்.

அந்த அம்மாளும் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"அன்னைக்கும் இல்ல. அவசர வேலை. அவன் சாப்பிட உட்கார்ந்துட்டான். நான்தான், மொதல்ல போய் வாங்கிட்டு வாடான்னேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் கடை. லாரிச் சத்தம் எனக்கே கேட்டுது."

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"என்ன கலர் நூல்?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"பச்சை" என்றார். பிறகு, "கரும்பச்சை."

அறுந்த நூலின் ஒரு முனையை அந்த அம்மாள் பிடித்துக்கொண்டார். கட்டு விட்ட ஸ்பிரிங் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.