கைக்காரரும் கால்காரரும்

ஜவாத் ட்ரைபாடின் மூன்றாவது காலை ஈர மண்ணில் அழுத்தி ஊன்றிக்கொண்டிருந்தபோது மிர்ஸா வேலி இடுக்கு வழியாகத் தோட்டத்துக்குள் நுழைந்தார். தோளில் கேமரா, கையில் வேறொன்றும் இல்லை. கூடாரம் அடிப்பவனை வேடிக்கை பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் நின்றார்.

"அபூ ஹானி, மெத்தை தலகாணியெல்லாம் பின்னால லாரில வருதா?"

"வருது," என்றார் ஜவாத், நிமிராமலே. "உனக்கும் சேத்துத்தான் சொல்லியிருக்கேன். வயசாச்சுல்ல."

இருவரும் சிரிக்கவில்லை. வேலியோரம் நிறுத்தியிருந்த காருக்குள் உட்கார்ந்து நான் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். போட்டிக்கு நடுவர் தேவை என்று என்னை வரச் சொல்லியிருந்தார்கள். நடுவர் என்றால் பின்னால் இருதரப்பும் திட்டுவதற்கு ஒரு ஆள்.

பஹ்ரைனில் பறவைப் படம் எடுக்கும் எங்கள் சங்கத்தில் இரண்டு சாதிகள் உண்டு. கனத்த டெலி லென்ஸைக் கையில் ஏந்தி எடுப்பவர்கள் கைக்காரர்கள். ட்ரைபாடில் வைத்து எடுப்பவர்கள் கால்காரர்கள். பறவைக்குச் சிறகு இருப்பதே கால்காரர்களுக்குத் தெரியாது என்பார்கள் கைக்காரர்கள். ஆயிரம் முறை சுட்டு ஒன்றைத் தேற்றுகிறவனுக்குக் கண் எதற்கு என்பார்கள் கால்காரர்கள். உண்மையில் இரண்டு சாதியும் அடுத்தவர் பேரீச்சந்தோட்டத்தில் ஒரே இடத்தில் நின்று ஒரே பறவையை எடுத்து, அன்றைக்கே சங்கத்தின் செல்போன் குழுவில் போட்டு, ஒருவர் படத்துக்கு ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு மாஷா அல்லாஹ் என்று பாராட்டு எழுதுகிறார்கள். செயலாளர் என்பதால் அத்தனையும் நான் படித்தாக வேண்டும். நானோ கார் ஜன்னலில் அரிசி மூட்டையைப் போட்டு அதன்மேல் லென்ஸைச் சாய்த்து எடுக்கிறவன். இரண்டு சாதியும் என்னைச் சேர்த்துக்கொள்வதில்லை.

கைக்காரர்களின் தலைவர் மிர்ஸா. அலுமினிய உலையில் முப்பது வருடம் வேலை பார்த்த உடம்பு. லென்ஸ் அவர் கையில் துடைப்பக்குச்சிபோல இருக்கும். புதிதாகச் சேருகிறவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பிரசங்கம் செய்வார். மூச்சைப் பாதி விட்டு நிறுத்து; முழங்கையை விலாவில் ஒட்டு; ட்ரைபாடு என்பது நொண்டிக்கு வைக்கிற முட்டு. லென்ஸின் அடியில் ட்ரைபாடில் பொருத்துவதற்கென்று ஒரு பாதம் இருக்கும். அதை அவர் கழற்றி எறிந்துவிட்டார். சீடர்களும் கழற்றி எறிந்தார்கள். ஒரு துண்டு உலோகத்தைத் தூக்கி எறிந்ததில் தங்கள் படங்கள் மேம்பட்டுவிட்டதாக அவர்கள் நிஜமாகவே நம்பினார்கள்.

போன குளிர்காலத்திலிருந்து மிர்ஸா நண்பகலில் மட்டும் படம் எடுக்கத் தொடங்கினார். நண்பகல் வெளிச்சம் மீன்கடைக்குத்தான் லாயக்கு என்று இருபது வருடம் சொன்ன மனிதர். காலையில் சர்க்கரை மாத்திரை என்றார். மாலையில் சவூதிப் பாலத்து நெரிசல் என்றார். தப்பித்தவறி ஒரு படம் கலங்கியிருந்தால் கானல் என்றார். வளைகுடாவில் எங்கள் எல்லாருடைய குற்றத்தையும் கானல்தான் சுமக்கிறது. ஆனால் ஜனவரியில் கானல் ஏது? கண்காட்சிக்காக அவருடைய கோப்புகள் என்னிடம் வந்தபோது பார்த்தேன். அசையாமல் உட்கார்ந்திருக்கும் கொக்குக்கு ஷட்டர் வேகம் வினாடியில் நாலாயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு வேகம் பாயும் ராஜாளிக்குக்கூட அதிகம். அந்த வேகத்தில் கை நடுங்கினாலும் படம் நடுங்காது. ஆனால் அதற்கு உச்சி வெயில் வேண்டும். அதன்பிறகு சங்கத்தார் கூடும் மஜ்லிஸ் கூடத்தில் கவனித்தேன். தேநீர்க் கிளாஸ் சுற்றி வரும்போது அவர் மட்டும் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு வேண்டாம் என்று தலையசைத்தார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கால்காரர்கள் ஆடு அறுத்து விருந்து வைத்திருப்பார்கள்.

போட்டியைக் கிளப்பியது ஜவாத். அவர் மகன் ஹானியின் கல்யாணத்தில், சம்பந்தி வீட்டார் நடுவில், மிர்ஸா எழுந்து, "அபூ ஹானி, மாப்பிள்ளைக்கும் ஒரு ட்ரைபாட் வாங்கிக் குடுத்திருக்கியா, இல்ல கையாலயே சமாளிச்சுக்குவானா?" என்று கேட்டிருந்தார். கூடம் முழுக்கச் சிரித்தது. இரண்டு மாதம் கழித்து ஜவாத் குழுவில் எழுதினார்: ஜஸ்ரா தோட்டத்தில் சாம்பல் ஹைப்போகோலியஸ் பறவை இரவு அடைய வருகிறது. ஒரே மரம், ஒரே மாலை, ஆளுக்கு ஒரு படம். வெள்ளிக்கிழமை மஜ்லிஸ் சுவரில் பெரிதாகப் போட்டுப் பார்ப்போம்.

பொழுது சாயும்போதுதான் அந்தப் பறவை வரும். அது ஜவாத்துக்குச் சாதாரணச் செய்தி. மிர்ஸாவுக்கு அது தூக்குக்கயிறு. அவர் போட்டிக்கு வராவிட்டால் பயந்தாங்கொள்ளி, வந்தால் சுவரளவு பெரிய கலங்கல். கைக்காரர் என்பதைத் தவிர அந்த மனிதரிடம் வேறெதுவும் மிச்சமில்லை. வேறெதையும் அவர் சேர்த்துவைக்கவுமில்லை.

வெயில் மஞ்சளாகி, பிறகு செம்மண் நிறமாகி, ஓலைகளின் உச்சியில் மட்டும் தங்கியபோது அவை வந்தன. ஏழெட்டுப் பறவைகள், கோடு கிழித்ததுபோல நேராகப் பறந்து வந்து பேரீச்ச உச்சிகளில் மறைந்தன. ஒரு ஆண் மட்டும் எங்களுக்கு எதிரே ஓலை நுனியில் உட்கார்ந்தது. கண்ணில் கறுப்புப் பட்டை, சிறகு நுனியில் வெள்ளை. திருடன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது. மூன்று பேரில் அதற்கு யார்மேலும் மரியாதை இருந்ததாகத் தெரியவில்லை.

ஜவாத் விரலால் லேசாகத் தொட்டார். ஒரு சத்தம். மறுபடி ஒன்று. முடிந்தது. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மிர்ஸாவின் ஷட்டர் சடசடவென்று பொரிந்தது. நிறுத்தி, திரையில் பார்த்தார். மறுபடி பொரிந்தது. மறுபடி பார்த்தார். பேரீச்ச மரத்தில் முதுகைச் சாய்த்தார். பிறகு மண்ணில் உட்கார்ந்து முழங்காலில் முழங்கையை ஊன்றினார். படம் எடுக்கையில் அந்த உடம்பு கீழே உட்கார்ந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எப்படி வைத்தாலும் லென்ஸின் நுனி காற்றில் சின்ன வட்டம் போட்டபடியே இருந்தது.

"என்னய்யா, கல்யாண வீட்டுல முழங்கின வாயி..." என்று திரும்பிய ஜவாத் அதைப் பார்த்தார்.

நான் காத்திருந்தேன். ஜவாத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. செல்போனை எடுத்து ஒரு காணொளி பிடித்தால் போதும், வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவர் தன் கேமராவைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ட்ரைபாடை மிர்ஸா பக்கம் நகர்த்தினார்.

"இந்தா."

மிர்ஸா அதைப் பார்க்கவேயில்லை. "பாதம் இல்ல."

"தெரியும். கழட்டி எறிஞ்சியே, அறிவாளி." ஜவாத் பறவையைப் பார்த்தார். அது அலகால் நெஞ்சைக் கோதிக்கொண்டிருந்தது. "எந்திரி."

"எதுக்கு?"

"எந்திரிய்யா." அவர் வந்து மிர்ஸாவுக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "உன் பீரங்கியைத் தோள்மேல வை."

"போடா. கழுதைமேலதான் பாரம் ஏத்துவாங்க."

"கழுதைன்னே வச்சுக்க. வெளிச்சம் போகுது."

மிர்ஸா என் கார் பக்கம் பார்த்தார். நான் குனிந்து அரிசி மூட்டையைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது. நிமிர்ந்தபோது அவர் எழுந்து நின்றிருந்தார். லென்ஸை ஜவாத்தின் வலது தோளில், கழுத்தோரமாக, கடன்காரன் வீட்டில் அடகுச் சாமான் வைப்பதுபோல விருப்பமில்லாமல் வைத்தார்.

"ஆடாத," என்றார்.

"நான் ஆடல."

"நீதான் ஆடுற. மரம் மாதிரி நிக்கத் தெரியாதா? இத்தன வருஷமா மூணு காலை வச்சிக்கிட்டு என்னத்தக் கத்துக்கிட்ட? காலை அகட்டு."

ஜவாத் காலை அகட்டினார்.

"மூச்சை நிறுத்து."

நிறுத்தினார். அவர் கழுத்து நரம்பு புடைத்தது. ஷட்டர் அவர் காதோரம் பொரிய ஆரம்பித்தது. தெருப்பக்கம் பள்ளிவாசலில் யாரோ ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார்கள். நான் மரத்தைப் பார்த்தேன். அந்தப் பறவை ஒருமுறை வாலை விரித்துவிட்டு, ஓலைகளுக்குள் தாவி, காணாமல் போனது. நுனி காலியாகக் கொஞ்சம் மேலும் கீழும் ஆடி நின்றது.

ஷட்டர் நிற்கவில்லை. "இன்னும் அகட்டு," என்றார் மிர்ஸா. ஜவாத் பார்க்கும் திசையில்தான் அந்த வெறும் ஓலை இருந்தது. அவர் காலை இன்னும் அகட்டினார். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவருடைய வலது இமை துடித்தது, தோள் அசையவில்லை.