கிசுகிசுத்த காலம்

ஒளித்துகள்களால் கணக்குப் போடும் குவாண்டம் கணினி முதன்முதலாக விற்றுப்போய், வாங்கியவர்களின் அலுவலகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அதை உருவாக்கிய பொறியாளர் பெட்டியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கூடவே நடந்தாள். ஆய்வகத்தில் அது அறை முழுக்கக் கண்ணாடிகளாக விரிந்து கிடந்த நாட்களில், யாராவது தும்மினாலே ஒளி தடம் மாறிவிடும். அவளும் கணவனும் மறுபடி முதலிலிருந்து திருகுகளைத் திருகுவார்கள். இப்போது எல்லாம் ஒரு சிப்புக்குள் அடங்கிவிட்டது. அந்தப் பெட்டி படியில் 'டங்'கென்று இடித்தது.

"ஐயோ, பாத்து!" என்று அலறினாள்.

"ஒண்ணும் ஆகலக்கா" என்றார் வண்டிக்காரர்.

ஆகவில்லைதான். சுவிட்சைப் போட்டதும் யார் கையும் படாமல் ஓடியது. வெளியே வந்து கணவனுக்குப் போன் போட்டாள்.

"ஓடுது. என்னைத் தேடவே இல்ல."

"நல்லதுதானே? ஏன் அழுவுற?"

"அந்த ரூம்ல நாம சண்டையக்கூட கிசுகிசுன்னுதானே போடுவோம். அத நெனச்சேன்."

அவன் சிரித்துவிட்டான். "வீட்டுக்கு வா, வாய்விட்டே போடலாம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்டியின் சாவியை ஒப்படைக்க உள்ளே போனாள்.