ஏழு முதல் எட்டு வரை

நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டாம் எண் கருத்தின் முதல் வரியிலேயே அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெயர் இல்லை, முகவரி இல்லை. கருத்து சொன்னவர் யாரென்று வாசிப்பவருக்குத் தெரியக்கூடாது என்று எண்ணை மட்டும்தான் திரையில் காட்டுவார்கள். ஆனால் ‘பழுதின் தன்மை’ என்று ஆரம்பித்து அரசாங்கத்துக்குக் கருத்து எழுதுகிற குடிமகன் இந்த ஊரில் ஒருவன்தான் இருக்க முடியும். நாள் முழுக்கப் பழுது அறிக்கை எழுதுகிற லிஃப்ட் மெக்கானிக். அவளுடைய கணவன்.

விஷயம் இதுதான். மாலை ஏழு முதல் எட்டு வரை இணைய விளையாட்டுகள் எல்லாவற்றையும் நாடு முழுக்க நிறுத்திவைத்து, அந்த ஒரு மணி நேரத்தைக் ‘குடும்ப நேரம்’ ஆக்கிவிடலாமா என்று மேலிடத்தில் யாருக்கோ ஒரு யோசனை. மக்களே சொல்லுங்கள் என்று கேட்டார்கள். கேட்டதுதான் தாமதம், ஜனங்கள் கொட்டித் தீர்த்துவிட்டார்கள். வந்து குவிந்ததை ஆதரவு, எதிர்ப்பு என்று பிரிப்பதற்கு ஒரு மென்பொருள் வாங்கிப் போட்டிருந்தார்கள். அலுவலகத்தில் அதற்குப் பெயர் ‘மாப்பிள்ளை’. ஏகப்பட்ட செலவு செய்து கொண்டுவந்தது, தப்பு செய்தாலும் யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேச முடியாது, கொஞ்சம் சிக்கலாக ஏதாவது வந்தால் ‘புரியவில்லை’ என்று தள்ளிவிட்டு ஜம்மென்று உட்கார்ந்துகொள்ளும். அப்படி மாப்பிள்ளை கையை விரித்ததெல்லாம் அவள் மேசைக்கு வந்துசேரும்.

அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ‘முதலில் எங்கள் தெருக்குழாயைச் சரிசெய்யுங்கள், அப்புறம் விளையாட்டை நிறுத்தலாம்’ என்று ஒருவர். ‘ஹூம்’ என்று மட்டும் இன்னொருவர்; அது ஆதரவா எதிர்ப்பா என்று பக்கத்து இருக்கைக்காரியோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டினாள். ‘ஆட்டத்தை நிறுத்தினால் என் வீட்டுக்காரர் என்னோடு பேச ஆரம்பித்துவிடுவார், தயவுசெய்து யோசியுங்கள்’ என்று ஒரு பெண். மனதுக்குள் அவளுக்கு ஒரு கைகுலுக்கல் கொடுத்துவிட்டு, எதிர்ப்பு என்று அழுத்தியிருந்தாள்.

இப்போது இது.

‘பழுதின் தன்மை: தினமும் மாலை ஏழு முதல் எட்டு வரை மனைவி பால்கனியில் தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

எப்போதிலிருந்து: சுமார் எட்டு மாதங்களாக.

காரணம்: நான்.

விவரம்: எங்கள் அணியில் ஐந்து பேர். எனக்கு டாக்டர் வேலை. சண்டையில் விழுந்தவர்களை நான்தான் எழுப்ப வேண்டும். நான் போகாவிட்டால் நாலு பேரும் செத்துவிடுவார்கள். எட்டு மணிக்கு வெளியே வந்து மனைவியிடம் போரடித்ததா என்று கேட்பேன். ம் என்பார். அந்த ம் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. அணியில் வரமாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

செய்ய வேண்டியது: அரசே நிறுத்திவிட்டால் யார் மேலும் பழி வராது. உடனே நிறுத்தவும்.

குறிப்பு: எங்கள் அணியில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். நாள் முழுக்க அவர் வாய் திறந்து பேசுவது அந்த ஒரு மணி நேரம்தான். அவரை நினைத்தால் நிறுத்த வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.’

மாப்பிள்ளை கையை விரித்ததில் தப்பே இல்லை. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அது அடங்கியதும் ‘காரணம்: நான்’ என்ற வரியை இன்னொரு தரம் படித்தாள். உறவுக்காரர் எழுதியதைத் தானே பிரிக்கக்கூடாது, மேலே கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. அச்செடுத்துக்கொண்டு கண்காணிப்பாளர் அம்மாளின் மேசைக்குப் போனாள்.

“மேடம், இது எனக்குத் தெரிஞ்சவர் எழுதின மாதிரி இருக்கு.”

கண்காணிப்பாளருக்கு எதையும் வாய்விட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்கிற குரலில் பழுதின் தன்மையிலிருந்து கடைசிக் குறிப்பு வரை வாசித்து முடித்தார். எங்கோ கேட்டுக்கொண்டிருந்த தட்டச்சுச் சத்தம் நின்றுபோயிருந்தது. “அய்யோ, அந்தப் பொண்ணு பாவம்” என்றாள் பக்கத்து இருக்கைக்காரி. “எட்டு மாசமா!” என்று இன்னொரு குரல். அந்தப் பொண்ணு காது சிவக்க நின்றுகொண்டிருந்தாள்.

கண்காணிப்பாளர் குரலைத் தாழ்த்தினார். “தெரிஞ்சவர்னா எவ்வளவு தெரியும்?”

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து தெரியும் மேடம். பதினோரு வருஷம்.”

கண்காணிப்பாளர் தாளை மெதுவாக மேசையில் வைத்தார். “தனியா உக்காந்திருக்க ரொம்பக் கஷ்டமா இருக்காம்மா?”

“இல்ல மேடம். ஒரு நாள்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச நேரமே அதான்.”

“அப்புறம் ஏன் இந்த மனுஷன் இப்படி உருகுறாரு? சொல்ல வேண்டியதுதானே?”

அவள் தரையைப் பார்த்தாள். “அந்த ‘ம்’ சொன்னா... பாத்திரம் எல்லாம் அவரே தேய்ச்சுடுறார் மேடம்.”

கண்காணிப்பாளர் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாகிவிட்டது. துடைத்து மாட்டிக்கொண்டு, தாளை இழுப்பறைக்குள் வைத்தார். “இது ஆதரவா எதிர்ப்பான்னு நான் பாத்துக்கறேன். நீ வீட்டுக்குப் போய் உண்மையச் சொல்லு. ஆனா இதுல படிச்சது ஒரு வார்த்தை உன் வாயில வரக்கூடாது. வெளிய சொல்லமாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்க, ஞாபகம் இருக்கட்டும்.”

வழியெல்லாம் அதே யோசனை. பகல் முழுக்க ஊரார் அபிப்பிராயங்களைக் கேட்டுக் கேட்டுப் புளித்த காதுக்கு, யாரும் எதைப் பற்றியும் எதுவும் சொல்லாத ஒரு மணி நேரம் கிடைத்திருந்தது. எதிர்க் குடியிருப்பில் ஒரு கிழவர் செடிகளுக்குத் தண்ணீர் விடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாள். அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் அதற்கே ஆபத்து வரலாம். நான் பக்கத்தில் இல்லாததுதான் உனக்குச் சுகமா என்று அவன் முகம் வாடினால் என்ன செய்வது? சொல்லாமல் விட்டாலோ, அந்த அப்பாவி மனுஷன் தினம் தினம் வெந்துகொண்டிருப்பான். பாத்திரம் போனால் போகட்டும், அதை அவளே தேய்த்துக்கொள்வாள்.

ஏழு மணிக்குப் பால்கனியில் உட்கார்ந்து, எப்படித் தொடங்குவது என்று அவள் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. அவன் ஒரு நாற்காலியோடு வந்து நின்றான்.

“என்னங்க, உடம்பு சரியில்லையா?”

“அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சும்மா உன் கூட உக்காரலாம்னு.”

அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஐந்து நிமிடம். அதற்குள் அவன் ஒரு ஏழு மாடிக் கட்டடத்து லிஃப்ட் கதவின் கதையைச் சொல்லி முடித்திருந்தான், வானிலையைச் சொல்லி முடித்திருந்தான், எதிர் வீட்டுக் கிழவர் தண்ணீரை அதிகமாக விடுகிறார் என்று அபிப்பிராயமும் சொல்லிவிட்டான். அதோடு சரக்கு தீர்ந்துவிட்டது. முழங்கால் மேல் இருந்த அவனுடைய வலது கட்டைவிரல் மட்டும் இல்லாத ஒரு பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. உள்ளே மேசையில் கழற்றிப் போட்ட ஹெட்போனிலிருந்து, டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி சின்னச் சின்னக் குரல்கள். “டாக்டர்! டாக்டர்!”

“சொல்லிட்டு வரலையா?”

“சொன்னா வாத்தியார் ஏன்னு கேப்பார். என்னன்னு சொல்றது?”

இதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. “ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. எனக்கு இங்க தனியா இருக்கிறது ஒண்ணும் கஷ்டமா இல்ல. நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு.”

அவன் திரும்பிப் பார்த்தான். “தினமும் கேட்டேனே. ‘ம்’னியே.”

“சொன்னேன்.”

அவன் மனதுக்குள் ஒவ்வொரு நாளாகப் பின்னோக்கிப் போவது முகத்திலேயே தெரிந்தது. “அப்போ பாத்திரம்...”

“ஆமா.”

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். சிரிக்கவில்லை. கட்டைவிரல் நின்றுவிட்டது. “அப்போ நான் பக்கத்துல இல்லைன்னாத்தான் உனக்கு நல்லா இருக்கா?”

பயந்தது அப்படியே நடந்துவிட்டது. கோத்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் உதவவில்லை. “இல்லங்க. போன மாசம் நீங்க வேலையா வெளியூர் போனீங்களே, நாலு நாள்? அப்பவும் இங்க வந்து உக்காந்தேன். அஞ்சு நிமிஷம் தாங்கல. எழுந்து உள்ள போய் டிவியப் போட்டுட்டேன். நீங்க உள்ள கத்திட்டு இருக்கணும், நான் இங்க சும்மா இருக்கணும். அதான் எனக்கு வேணும்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறானோ என்று பதறிப்போய்க் குனிந்து பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தான். “எட்டு மாசம்! அடுப்பங்கரைல நின்னு எப்படித் தேய்ச்சேன் தெரியுமா? மனசார தேய்ச்சேன்டி!” அவளுக்கும் பற்றிக்கொண்டது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எதிர்க் கிழவர் குழாயை அப்படியே பிடித்துக்கொண்டு பார்த்தார்.

“டாக்டர்!” என்றது உள்ளிருந்து.

“போங்க, போங்க. இல்லைன்னா நாலு பேரும் செத்துடுவாங்க” என்று அவன் முதுகைத் தள்ளினாள்.

வாசற்படியில் அவன் நின்றான். “நாலு பேருன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “சத்தம் கேக்குதில்ல, எண்ணினேன்.”

அவன் அவளையே பார்த்தான். “உங்க ஆபீஸ்ல வர்றதெல்லாம் மெஷின்தானே படிக்குது?”

“எல்லாமே மெஷின்தான்” என்றாள், கண்ணை எடுக்காமல்.

அவன் பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே ஓடினான். அவசரத்தில் கதவைச் சாத்த மறந்துவிட்டான். “வந்துட்டேன், வந்துட்டேன், யாரு விழுந்தது? சுவருக்குப் பின்னாடி இருங்க!” என்று கத்தியது கேட்டது. கொஞ்ச நேரத்தில் குரல் தணிந்தது. வாத்தியாரோடு பேசுகிறான் போல.

“சண்டையெல்லாம் இல்ல வாத்தியாரே... வீட்லயா? பால்கனில உக்காந்திருக்காங்க... சேச்சே, தனியா இல்ல. நான்தான் இங்க உள்ள இருக்கேனே.”

அவன் கொண்டுவந்த நாற்காலி அங்கேயே கிடந்தது. அவள் கால்களை அதன் மேல் நீட்டிக்கொண்டாள். அதில் இன்னும் அவன் சூடு இருந்தது.